ஆண்டுக்கு மூன்று கிலோ: வலிமைப் பயிற்சி வரைபடங்களை எப்படி வாசிப்பது?

2017 நவம்பரில் அமெரிக்காவின் அனஹைம் நகரில் நடந்த உலகப் பளுதூக்கும் போட்டியில், மணிப்பூரைச் சேர்ந்த மீராபாய் சானு ஸ்னாட்ச்சில் (எடையைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 85 கிலோவும், கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல் தூக்குவது) 109 கிலோவும் தூக்கி, மொத்தம் 194 கிலோவுடன் தங்கம் வென்றார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில் அவருடைய மொத்தம் 205 கிலோ. அதில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் தூக்கிய 119 கிலோ அன்றைய உலக சாதனை. இடைப்பட்ட ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளில் கூடியது 11 கிலோ. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சுமார் மூன்று கிலோ, அதாவது ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல்.

உலகத் தரத்தை எட்டிவிட்ட ஒருவருக்கு இது மெச்சத்தக்க வளர்ச்சிதான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சரியாகத் தூங்காத ஓர் இரவு, எடைப் பிரிவுக்காக உடல் எடையைக் குறைத்த வாரம், முந்தைய நாள் செய்த கடும் ஸ்குவாட் (தோளில் எடையுடன் உட்கார்ந்து எழும் பயிற்சி), மாதவிடாய் நாள்கள், பயிற்சிக் கூடத்தின் புழுக்கம் என்று இவற்றில் இரண்டு சேர்ந்தாலே போதும். இந்தச் செவ்வாய்க்கும் அடுத்த செவ்வாய்க்கும் இடையில் ஒருவர் தூக்கும் எடை மூன்று நான்கு கிலோ ஏறி இறங்கிவிடும். ஓர் ஆண்டு முழுக்க உழைத்துச் சேர்க்கும் முன்னேற்றமும், ஒரு வாரத்துக்குள் வந்துபோகும் தடுமாற்றமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கின்றன. வலிமைப் பயிற்சியை வரைபடமாகப் பதிவு செய்வதில் உள்ள உண்மையான கடினம் இதுதான். கோடு வரைந்து தருவதற்குக் கைப்பேசிச் செயலிகள் எத்தனையோ வந்துவிட்டன. எந்த ஏற்றத்தை நம்புவது, எந்த இறக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று தீர்மானிக்க வேண்டுமானால், கோட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் எப்படி உருவானது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பொதுவெளியில் இருக்கும் போட்டி முடிவுகளிலிருந்தே தொடங்கலாம். சானுவின் மொத்த எடைகள் இப்படிப் போகின்றன: 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 196, 2019இல் பட்டாயா உலகப் போட்டியில் 201, 2020 பிப்ரவரியில் கொல்கத்தா தேசியப் போட்டியில் 203, தாஷ்கண்டில் 205, 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கத்துடன் 202, 2022இல் பர்மிங்ஹாமில் 201, பொகோட்டாவில் 200, 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 191, 2024 ஏப்ரலில் புக்கெட்டில் 184, நான்கு மாதம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் 199, 2025 அக்டோபரில் நார்வேயின் ஃபோர்டே நகரில் மீண்டும் 199. இவற்றைப் புள்ளிகளாக வைத்து இணைத்தால், 2021 வரை நிதானமாக ஏறி, பிறகு மெல்லத் தாழ்ந்து, 2023–24இல் பள்ளத்தில் விழுந்து, மறுபடி எழும் ஒரு கோடு கிடைக்கும்.

அந்தக் கோட்டை வலிமையின் கோடு என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் சரி. ஹாங்சோவில் அவர் ஸ்னாட்ச்சில் 83 கிலோவைத் தூக்கியபின் 86 கிலோவில் இருமுறை தவறினார். கிளீன் அண்ட் ஜெர்க்கில் 108 கிலோவை முடித்ததும், பதக்கத்துக்குத் தேவையான 117 கிலோவுக்கு ஒரேயடியாகத் தாவி, அதிலும் இருமுறை தவறினார். நடுவில் 112 கேட்டிருந்தால் தூக்கியிருக்கக்கூடும். ஆனால் அதனால் பதக்கம் வந்திராது. ஆகவே 191 என்பது அன்று அவரிடம் இருந்த வலிமையின் அளவாக இருக்க வேண்டியதில்லை. காயத்தோடு எடுத்த ஒரு துணிச்சலுக்குப் பிறகு பலகையில் மிஞ்சிய எண் அது. பத்து மாதம் கழித்துப் பாரிஸில் கிடைத்ததாகத் தோன்றும் மீட்சியிலும் ஒரு பகுதி இப்படிப்பட்ட தந்திரக் கணக்கின் விளைவாக இருக்கலாம். போட்டியில் ஒருவருக்கு ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் ஒவ்வொன்றிலும் மூன்றே முயற்சிகள். அவற்றில் வெற்றி பெற்றது மட்டுமே பதிவாகிறது. ஆண்டுக்கு மூன்று நான்கு போட்டி என்றால், கோடு நெடுகிலும் இருப்பது அந்த மூன்று நான்கு புள்ளிகளே.

2016 ரியோ ஒலிம்பிக் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கே சானுவுக்கு ஸ்னாட்ச்சில் 82 கிலோ பதிவானது; கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சிகளும் தவறின; மொத்த எடை என்று ஒன்று இல்லை. இதை வரைபடத்தில் எப்படிக் குறிப்பது? பூஜ்யம் என்று போட்டால் கோடு தரையைத் தொட்டு, மற்ற எல்லா ஏற்ற இறக்கங்களையும் தட்டையாக்கிவிடும். விட்டுவிட்டு முன்பின் புள்ளிகளை இணைத்தால், அப்படி ஒரு நாள் நடக்கவே இல்லை என்றாகிவிடும். இடைவெளியாக விட்டு, அதன் மேல் 'மூன்று தவறு' என்று எழுதுவதுதான் நேர்மையான வழி. எக்செல் போன்ற மென்பொருளில் வெற்றுக் கட்டங்களை இடைவெளியாக விடலாம், பூஜ்யமாகக் காட்டலாம், அல்லது கோட்டால் இணைக்கலாம். மூன்றில் எது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமலே வரைபடத்தை அச்சடித்து ஒட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

எடைப் பிரிவும் கணக்கில் வர வேண்டும். அனஹைமில் சானு போட்டியிட்டது 48 கிலோ பிரிவில். 2018 இறுதியில் பிரிவுகள் மாற்றப்பட்டபின் 49 கிலோவுக்கு வந்தார். 2025இல் மறுபடி பிரிவுகள் மாறியதும் 48 கிலோவுக்குத் திரும்பினார். எனவே பாரிஸின் 199உம் ஃபோர்டேயின் 199உம் ஒரே எண்ணாக இருந்தாலும், இரண்டாவது ஒரு கிலோ குறைந்த உடல் வரம்புக்குள் தூக்கியது. உடல் எடை வேறுபட்டவர்களை ஒப்பிடுவதற்காகக் கனடாவின் ராய் சின்க்ளேர் உருவாக்கிய குணகம் பளுதூக்குதலில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. ஆனால் ஒரே ஆளின் வரைபடத்துக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பிரிவு மாறிய தேதியில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் போதும்.

தமிழ்நாட்டிலிருந்தும் இப்படி ஒரு ஜோடிப் புள்ளிகள் கிடைக்கின்றன. வேலூரின் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 149, 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்டு கோஸ்ட்டில் 144, 173 என்று 317 கிலோவுடன் மறுபடியும் தங்கம். பதக்கப் பட்டியலில் இரண்டும் ஒரே நிறம். வரைபடத்திலோ 11 கிலோ இறக்கம். அந்த இறக்கத்துக்குப் பின்னால், அதற்குமுன் தேசியப் போட்டியில் ஏற்பட்ட தொடைக் காயமும், வெற்றி உறுதியானபின் கடைசி முயற்சியை அவர் எடுக்காமலே விட்டதும் இருக்கின்றன. குறிப்பு எழுதப்படாத வரைபடத்தில் இவை எதுவும் தெரியாது.

இதனால்தான் பயிற்சிக் கூடத்தின் அன்றாடப் பதிவே முக்கியமாகிறது. எடையையும் ரெப் எண்ணிக்கையையும் (நிறுத்தாமல் அடுத்தடுத்து எத்தனை முறை தூக்கினார் என்பதை) முறையாக எழுதி, அதை வைத்து அடுத்த வாரத்தின் எடையைத் தீர்மானிக்கும் வழக்கத்துக்கு மருத்துவத்தில் ஒரு வேர் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிகாகோவின் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் டிலோர்ம், காயமுற்ற வீரர்களின் தசைகளை மீட்க, ஒருவர் சரியாகப் பத்து முறை மட்டும் தூக்கக்கூடிய எடையை அளந்து, வாரந்தோறும் மறுபடி அளந்து, எடையைக் கூட்டிக்கொண்டே போனார். 1945இல் அவர் வெளியிட்ட கட்டுரையும் பிறகு வந்தவையும் 'படிப்படியாகக் கூட்டும் எதிர்ப்புப் பயிற்சி' என்ற முறையை நிலைநிறுத்தின. நோயாளிக்கு இந்தப் பதிவு எளிதாகப் பொருந்தியது, ஏனென்றால் மெலிந்துபோன தசை வாரத்துக்கு வாரம் கண்ணுக்குத் தெரிய வலுவடையும். புதிதாக ஜிம்முக்கு வருகிறவருக்கும் அப்படித்தான்: முதல் சில மாதங்களில் கோடு தானாகவே ஏறும்; வரைபடம் சொல்லும் செய்தி கண்ணுக்கே தெரிந்ததுதான். பத்தாண்டு பயிற்சி பெற்றவருக்கே வரைபடம் தேவைப்படுகிறது. அவருக்குத்தான் அதை வாசிப்பதும் கடினம்.

உச்ச எடையை, அதாவது ஒரே ஒரு முறை தூக்க முடிந்த அதிகபட்ச எடையை, வாரந்தோறும் சோதித்துப் பார்ப்பது நடைமுறையில் இயலாது. காய அபாயம் ஒருபுறம்; அப்படி ஒரு சோதனை நாளே அந்த வாரத்தின் பயிற்சியைத் தின்றுவிடும் என்பது மறுபுறம். ஆகவே பயிற்சியில் செய்த செட்டிலிருந்து (இடைவிடாமல் செய்த ரெப்களின் ஒரு தொகுப்பிலிருந்து) உச்ச எடையைக் கணக்கிட்டு ஊகிக்கிறார்கள். 1985இல் வந்த எப்ளியின் சூத்திரப்படி, ரெப் எண்ணிக்கையை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, அதைத் தூக்கிய எடையால் பெருக்க வேண்டும். 1993இல் வந்த பிரிஸ்கியின் சூத்திரப்படி, 37இலிருந்து ரெப் எண்ணிக்கையைக் கழித்து, தூக்கிய எடையின் 36 மடங்கை அதனால் வகுக்க வேண்டும். இரண்டும் செயலிகளில் பரவலாக உள்ளவை. பத்து ரெப்பில் இரண்டும் ஒரே விடையைத் தரும். ஐந்து ரெப்பில் பிரிந்துவிடும்.

ஒரு வீரர் ஒரு மாதம் 90 கிலோவில் பத்துப் பத்தாக ஸ்குவாட் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சூத்திரமும் அவருடைய உச்ச எடை 120 கிலோ என்கின்றன. அடுத்த மாதம் திட்டம் மாறி, 103 கிலோவில் ஐந்து ஐந்தாகச் செய்கிறார். எப்ளியின்படி 120.2 கிலோ, நிலையாக இருக்கிறார். பிரிஸ்கியின்படி 115.9 கிலோ, நான்கு கிலோ வலிமை இழந்துவிட்டார். உடலில் எதுவும் நடக்கவில்லை; ரெப் எண்ணிக்கை மட்டும் மாறியிருக்கிறது. எது சரி என்று பொதுவாகச் சொல்ல முடியாது, ஏனெனில் சிலர் இயல்பாகவே அதிக ரெப்புக்குத் தாங்குவார்கள், சிலர் கனமான ஒற்றை ரெப்பில் மின்னுவார்கள். எனவே வரைபடத்தில் வெவ்வேறு ரெப் எண்ணிக்கையிலிருந்து வந்த புள்ளிகளுக்கு வெவ்வேறு வடிவம் கொடுப்பது நல்லது: ஐந்து ரெப் என்றால் வட்டம், பத்து என்றால் சதுரம். வட்டத்தை வட்டத்தோடும் சதுரத்தைச் சதுரத்தோடும் ஒப்பிட்டால், சூத்திரத்தின் பிழை எல்லாப் புள்ளிகளிலும் ஒரேபோல இருப்பதால் ஒப்பீட்டில் அடிபட்டுவிடும். நடுவழியில் செயலியை மாற்றுகிறவர்கள், பழைய செயலி எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தியது என்று பார்க்காமல் கோட்டைத் தொடரக் கூடாது.

அடுத்தது, இயல்பான தடுமாற்றத்தின் அளவை அறிவது. திட்டத்தில் பெரிய மாற்றம் இல்லாத வாரங்களில், ஒரே சூழலில், ஒரே ரெப் எண்ணிக்கையில் செய்த ஐந்து நாள் பதிவுகளின் ஊக உச்ச எடைகள் 118, 122, 119, 123, 118 என்று இருக்கட்டும். சராசரி 120, திட்டவிலக்கம் (பதிவுகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்பதன் அளவு) ஏறத்தாழ 2.3. சராசரிக்கு மேலும் கீழும் இரண்டு திட்டவிலக்கம் என்று ஒரு பட்டையை வரைந்தால், அது சுமார் 115 முதல் 125 வரை விரியும். ஆலைகளில் உற்பத்தித் தரத்தைக் கண்காணிக்க வால்டர் ஷூஹார்ட் 1924இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் முன்வைத்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் அடிப்படையும் இதுவே: பட்டைக்குள் நடப்பதற்குக் காரணம் தேடாதே, வெளியே போனால் தேடு. இந்த வீரர் ஆறாவது நாள் 123 எடுத்தால் கைதட்டத் தேவையில்லை. 117 எடுத்தால் திட்டத்தை மாற்றவும் தேவையில்லை.

இரண்டே இரண்டு சோதனைகளை ஒப்பிடும்போது நிலைமை இன்னும் மோசம். இரண்டு புள்ளிகளிலும் தடுமாற்றம் இருப்பதால், வித்தியாசத்தின் தடுமாற்றம் 1.4 மடங்காகிறது, மேற்சொன்ன வீரருக்கு அது 3.3 கிலோ. ஜனவரியில் ஒரு நாள், ஜூனில் ஒரு நாள் சோதித்துவிட்டு 'மூன்று கிலோ கூடிவிட்டது' என்று சொல்லும் அறிக்கையை எந்த அளவு நம்பலாம் என்பதற்கு இந்த எண்ணே விடை. சராசரி எடுத்தால் நிலைமை மாறுகிறது. நான்கு பதிவுகளின் சராசரியில் தடுமாற்றம் பாதியாகும்; பதினாறு பதிவுகளில் கால்வாசியாகும். எனவே ஒரு மாதப் பதிவுகளின் சராசரியை மற்றொரு மாதத்தோடு ஒப்பிடும்போது, ஒற்றைச் சோதனையில் மூழ்கிப்போகும் இரண்டு கிலோ முன்னேற்றம்கூட மேலே மிதந்து வரும். அரையாண்டுக்கு ஒருமுறை நடத்தும் பெரிய 'உடல்திறன் சோதனை'யைவிட, வாரத்துக்கு ஒருமுறை கவனமாக எழுதிய சாதாரணப் பயிற்சி செட் அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. பெரிய சோதனைகள் நடத்துகிறவர்களுக்கு நிறைவளிக்கும். நிதியுதவி விண்ணப்பத்தில் அழகாகவும் இருக்கும்.

உச்ச எடையை ஊகிப்பதற்கு இன்னொரு வழி, பார்பெல்லின் (எடைகள் மாட்டிய நீண்ட கம்பியின்) வேகத்தை அளப்பது. பார்பெல்லில் மெல்லிய கம்பியைக் கோத்து, அது எவ்வளவு வேகமாக இழுபடுகிறது என்று பார்க்கும் கருவிகள் இப்போது பல பயிற்சிக் கூடங்களில் இருக்கின்றன. ஸ்பெயினின் கொன்சாலெஸ்-பதில்யோவும் சான்செஸ்-மெதினாவும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, பெஞ்ச் பிரஸ்ஸில் (பலகையில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பயிற்சியில்) உச்ச எடையைத் தூக்கும்போது வேகம் நொடிக்குச் சுமார் 0.16 மீட்டராக இருக்கிறது என்றும், ஆள் வலுவடைந்த பிறகும் இந்த எண் பெரிதாக மாறுவதில்லை என்றும் காட்டியது. எடை உச்சத்தின் ஐந்து சதவீதம் கூடும்போதெல்லாம் வேகம் ஏறத்தாழ 0.07 முதல் 0.09 மீட்டர் குறைகிறது. இதன்படி, வழக்கமாக வார்ம்-அப்பில் தூக்கும் 80 கிலோ இன்று 0.08 மீட்டர் கூடுதல் வேகத்தில் மேலே போனால், உச்ச எடை ஐந்து சதவீதம் அளவுக்கு உயர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆளைக் களைப்பாக்காமலே தினமும் ஒரு புள்ளி கிடைக்கிறது. நிபந்தனை ஒன்று உண்டு: ஒவ்வொரு ரெப்பையும் முழு வேகத்தில் தள்ள வேண்டும். சோம்பலாகத் தள்ளிய செட்டை, வலிமை இழந்த செட்டிலிருந்து பிரித்தறியக் கருவிக்குத் தெரியாது. ஸ்னாட்ச்சுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது; குறிப்பிட்ட வேகம் வராவிட்டால் அந்த லிஃப்ட் முடியவே முடியாது என்பதால், எடை கூடும்போது வேகம் இறங்குவதற்கு அங்கே இடம் குறைவு.

இதுவரை பார்த்தது விளைவின் பக்கம். உழைப்பின் பக்கத்தை வரையாமல் விளைவை மட்டும் வரைந்தால், கோடு ஏன் இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. செட், ரெப், எடை மூன்றையும் பெருக்கிக் கூட்டும் மொத்தப் பளு எளிமையானது, ஏமாற்றக்கூடியதும்கூட. 100 கிலோவில் ஐந்து செட் ஐந்து ரெப் என்றால் 2,500 கிலோ. 85 கிலோவில் மூன்று செட் பத்து ரெப் என்றால் 2,550. 130 கிலோவில் பத்து ஒற்றை ரெப் என்றால் 1,300. மூன்றாவது நாள்தான் நரம்பை உலுக்கிய நாள், ஆனால் வரைபடத்தில் அது ஓய்வு நாள் போலத் தெரியும். சோவியத் பளுதூக்கும் மரபில் இதனால்தான் எண்ணிக்கையையும் கனத்தையும் தனித்தனியே கண்காணித்தார்கள். அந்த மரபின் பயிற்சியாளர் பிரிலெபினின் பெயரால் வழங்கும் அட்டவணை, உச்ச எடையின் 90 சதவீதத்துக்கு மேல் என்றால் ஒரு செட்டில் ஒன்றிரண்டு ரெப், மொத்தம் நான்கு முதல் பத்து லிஃப்ட் என்று எல்லை போடுகிறது. வாரத்தின் பளுவை ஒரே நெடும்பட்டையாக வரையாமல், 70 சதவீதத்துக்குக் கீழே, 70 முதல் 90 வரை, 90க்கு மேல் என்று மூன்று நிறத்தில் பிரித்து வரைந்தால் இந்த அறிவு வரைபடத்துக்குள் வந்துவிடும்.

அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் முன்வைத்த வழி இன்னும் மலிவானது. பயிற்சி முடிந்து சிறிது நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று வீரரிடம் பத்துக்குள் ஒரு மதிப்பெண் கேட்டு, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குவது. 60 நிமிடம், மதிப்பெண் 7 என்றால் 420. ஃபாஸ்டர் இதோடு நிற்காமல், வாரத்தின் தினசரிச் சராசரியைத் திட்டவிலக்கத்தால் வகுத்து, பயிற்சி எவ்வளவு ஒரே மாதிரியாக இருக்கிறது என்பதற்கும் ஓர் எண் கொடுத்தார். ஆறு நாள் தலா 300, ஒரு நாள் ஓய்வு என்றால் வார மொத்தம் 1,800. அந்த எண் சுமார் 2.3. மூன்று நாள் தலா 500, மூன்று நாள் தலா 100, ஒரு நாள் ஓய்வு என்றாலும் மொத்தம் அதே 1,800தான், எண்ணோ 1.1. மொத்தம் மட்டும் காட்டும் வரைபடத்தில் இரண்டு வாரங்களும் இரட்டைப் பிள்ளைகள். கடின நாளும் லேசான நாளும் தெளிவாகப் பிரிந்திருக்கும் இரண்டாவது வாரத்தையே உடல் நன்றாகத் தாங்கும் என்பது ஃபாஸ்டரின் வாதம்.

உழைப்புப் பக்கத்தையும் விளைவுப் பக்கத்தையும் ஒரே நேர அச்சில் மேலும் கீழுமாக வைத்தால், முதலில் குழப்பமான ஒரு காட்சி தெரியும்: பளு உச்சத்தில் இருக்கும் வாரங்களில் வலிமைக் கோடு இறங்குகிறது. அனுபவமில்லாத பயிற்சியாளர் அந்த இடத்தில் பதறி, திட்டத்தையே தூக்கி எறிவார். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் எரிக் பானிஸ்டரும் சகாக்களும் 1975இல் முன்வைத்த மாதிரி இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. ஒவ்வொரு பயிற்சியும் உடலில் இரண்டு தடங்களை விட்டுப்போகிறது: மெல்ல மறையும் திறன், விரைவில் மறையும் களைப்பு. வெளியே தெரியும் செயல்பாடு, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்த மீதி. பரவலாகக் கையாளப்படும் மதிப்புகளின்படி திறனின் கால மாறிலி (ஒன்று மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைய எடுக்கும் காலம்) 42 நாள், களைப்பினுடையது 7 நாள். கணக்குப் போட்டால், இரண்டு வாரம் பளுவை அறவே நிறுத்தினாலும் சேர்ந்திருந்த திறனில் பத்தில் ஏழு பங்கு மிஞ்சியிருக்கும். களைப்பிலோ ஏழில் ஒரு பங்குதான். போட்டிக்குமுன் எடையைக் கனமாகவே வைத்துக்கொண்டு செட் எண்ணிக்கையைக் குறைக்கும் 'டேப்பர்' முறையின் தர்க்கம் இது. எனவே கடும் பயிற்சி வாரங்களில் காணும் இறக்கத்தை அந்த வாரத்திலேயே மதிப்பிட முடியாது. பளு குறைந்து பத்துப் பதினைந்து நாள் ஆனபிறகும் கோடு எழாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அந்த 42, 7 என்ற எண்கள் ஆளுக்கு ஆள் மாறுபவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பழைய பதிவுகளில் முந்தைய டேப்பர்களுக்குப் பிறகு கோடு எத்தனை நாளில் எழுந்தது என்று பார்ப்பதே அந்த ஆளுக்கான நம்பகமான எண்.

அண்மைக் கால வாரப் பளுவை நான்கு வாரச் சராசரியால் வகுத்து, 0.8க்கும் 1.3க்கும் இடையில் இருந்தால் காய அபாயம் குறைவு என்று சொல்லும் விகிதம், 2016இல் டிம் கேபெட்டின் கட்டுரைக்குப் பிறகு பல செயலிகளில் பச்சை, மஞ்சள், சிவப்பாக வந்துவிட்டது. அதைப் பெரிதாக நம்ப வேண்டாம் என்பேன். இந்த வாரத்தின் பளு பகுதியிலும் தொகுதியிலும் ஒருங்கே இருப்பதால் இரண்டும் தாமாகவே பிணைந்துவிடுகின்றன. முந்தைய மூன்று வாரம் படுத்துக் கிடந்தவர் திடீரென்று எவ்வளவு தூக்கினாலும் அந்த விகிதம் 4ஐத் தாண்டாது. இம்பெல்லிசெரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்த விகிதத்தின் கணித அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கியிருக்கிறார்கள். பளு திடீரென்று எகிறியதா என்பது நெடும்பட்டைகளைப் பார்த்தாலே தெரியும்.

வரைகிற விதத்திலும் சில தேர்வுகள் உள்ளன. வலிமைக் கோட்டின் செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டியதில்லை; தொடங்கினால் மூன்று கிலோ கண்ணுக்கே தெரியாது. ஆனால் அச்சின் எல்லையை ஆண்டு முழுவதும் மாற்றாமல் வைக்க வேண்டும், ஏனெனில் மென்பொருள் தானாக எல்லையைச் சுருக்கும்போது, ஒரு கிலோ ஏற்றம்கூட மலையாகத் தெரியும். பளுவின் நெடும்பட்டைகளோ கட்டாயம் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். வலிமையையும் பளுவையும் ஒரே கட்டத்தில் இடது வலது என்று இரண்டு அச்சு போட்டு வரைவதைத் தவிர்ப்பது நல்லது. இரண்டு அளவுகோலையும் இழுத்து நகர்த்தி, விரும்பிய எந்த உறவையும் காட்டிவிடலாம். தினசரிப் பதிவுகளைப் புள்ளிகளாக மட்டும் வைத்து, நான்கு வார நகரும் சராசரியைக் கோடாக வரைந்தால், கண் கோட்டைத் தொடரும், புள்ளிகளின் சிதறலும் மறையாது. நகரும் சராசரி உண்மையான திருப்பத்தைவிட இரண்டு வாரம் பிந்தியே திரும்பும் என்பதால், கடைசிப் பத்து நாள்களுக்குப் புள்ளிகளையே பார்க்க வேண்டும்.

வரைபடத்தை யாரிடம் காட்டுவது என்பதும் சிறிய கேள்வியில்லை. பயிற்சிக் கூடச் சுவரில் எல்லோருடைய கோடுகளையும் ஒட்டிவைத்தால், டேப்பர் வாரத்தில் லேசாகச் செய்ய வேண்டிய இளைஞன் தன் கோடு தாழ்ந்துவிடக் கூடாது என்று ரெப்பைக் கூட்டுவான்; மதிப்பெண் கேட்டால் ஒன்பதை ஏழு என்பான். அதன்பிறகு பதிவாவது வலிமை இல்லை, மானம். பதின்ம வயதினருக்கு இது கூடுதல் தீங்கு, ஏனென்றால் வேகமாக உயரம் கூடும் மாதங்களில் கை, கால் நீண்டு உடலின் ஒருங்கிணைப்பு தற்காலிகமாகக் குலைவதால், ஒழுங்காகப் பயிற்சி செய்யும் பிள்ளையின் ஸ்னாட்ச் கோடும் தேங்கலாம். அவர்களுடைய தாளில் உயரத்தையும் உடல் எடையையும் மாதம் ஒருமுறை குறித்துவைத்தால், அந்தத் தேக்கத்தைச் சோம்பல் என்று யாரும் பெயரிட மாட்டார்கள்.

நடைமுறையில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு தாள் போதும். மேற்பாதியில் ஒரே லிஃப்டின், ஒரே ரெப் எண்ணிக்கையின் ஊக உச்ச எடைகளும் அவற்றின் பட்டையும். கீழ்ப்பாதியில் மூன்று நிறத்தில் வாரப் பளு. நடுவில் ஓரிரு சொல்லில் குறிப்புகள்: காய்ச்சல், இடது தோள் வலி, தேர்வு வாரம், எடைப் பிரிவு மாற்றம். அடுத்தடுத்து மூன்று பதிவுகள் பட்டைக்குக் கீழே விழுந்தால், பயிற்சியாளர் முதலில் குறிப்புகளைப் படிக்கிறார், பிறகு கீழ்ப்பாதியில் முந்தைய மூன்று வாரத்தைப் பார்க்கிறார், அதன்பிறகு வீரரைக் கூப்பிட்டுப் பேசுகிறார். பளு ஏறியிருந்தால் செட்டைப் பாதியாக்கி, அந்தத் தேதியைத் தாளில் எழுதிவிட்டு இரண்டு வாரம் காத்திருக்கிறார். பளு ஏறாமலே புள்ளிகள் விழுந்திருந்தால், காரணம் இந்தத் தாளுக்கு வெளியே இருக்கிறது. தூக்கம், சாப்பாடு, வீடு என்று அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.